கூண்டுக் கிளிகளின் பாதப் புண்: தீவனக் கிண்ணத்திலிருந்து தொடங்கும் சிகிச்சை

வளர்ப்புக் கிளியின் உள்ளங்காலில் சிவப்போ வீக்கமோ தெரிந்தவுடன் பெரும்பாலோர் தேடுவது களிம்பைத்தான். களிம்பால் புண்ணின் மேற்பரப்பு இரண்டு வாரம் அடங்கியிருக்கும். பிறகு அதே இடத்தில் மீண்டும் கிளம்பும். பறவை வளர்ப்போர் பம்பிள்ஃபுட் என்று சொல்லும் இந்தப் பாதப் புண் காலில் தெரிந்தாலும், அதன் வேர் பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று தீவனக் கிண்ணம். மற்றொன்று கிளி நாள் முழுவதும் நிற்கும் குச்சி. இந்த இரண்டையும் மாற்றாமல் புண்ணுக்கு மட்டும் மருந்து போடுவது வீண் வேலை என்பதே என் கருத்து. நம் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பட்ஜி (கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது), காக்கடீல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவற்றை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. நம் ஊர்ப் பச்சைக்கிளியும் பெரிய கிளியும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். காயம்பட்ட நிலையில் அவை கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

சத்துக்குறைவு பாதத்தில் தெரிவது ஏன்

நல்ல நிலையில் உள்ள கிளியின் உள்ளங்காலை அருகில் வைத்துப் பார்த்தால், பலாப்பழத் தோலை மிகச் சிறிதாக்கி ஒட்டியதுபோல் நுண்ணிய மேடுகள் நெருக்கமாக அமைந்திருக்கும். பறவையின் எடை ஒரே புள்ளியில் இறங்காமல் பரவுவதற்கும், குச்சியில் பிடிமானம் கிடைப்பதற்கும் இந்த மேடுகள்தாம் காரணம். தோலும், வாய், மூக்கு, சுவாசக் குழாய் ஆகியவற்றின் உட்பூச்சும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட வைட்டமின் ஏ தேவை. அது குறையும்போது, ஈரமும் நெகிழ்வும் உள்ள செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்து தடித்த செல்கள் உருவாகின்றன. பாதத்தில் மேடுகள் தேய்ந்து மழுங்கி, தோல் வழுவழுப்பாகிப் பளபளக்கத் தொடங்கும். அப்படித் தேய்ந்த இடத்தில், ஒரே பருமனுள்ள குச்சி ஒரே புள்ளியில் நாள்தோறும் அழுத்தினால், அங்கே இரத்த ஓட்டம் குன்றித் தோல் வெடிக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த வெடிப்பின் வழியாக உள்ளே நுழைகின்றன.

பாதத்தில் குறை தெரியும் பறவைக்கு அடிக்கடி தும்மல், மூக்குத் துளையில் அடைப்பு, வாய்க்குள் வெண்ணிறப் படலம் ஆகியவையும் இருந்தால், வைட்டமின் ஏ குறைவு என்ற ஐயம் வலுப்பெறுகிறது. பலர் தும்மலைச் சளி என்றும் பாதத்தை அடிபட்ட காயம் என்றும் எண்ணி, இரண்டுக்கும் தனித்தனியே மருந்து தேடுகிறார்கள்.

முதல் படி: பாதத்தைச் சரியாகப் பார்ப்பது

கிளியைப் பிடிக்காமலே பாதத்தைப் பார்க்க வழி உண்டு. கூண்டின் பக்கக் கம்பிகளைப் பற்றி அது ஏறும்போது உள்ளங்கால் வெளிப்புறமாகத் தெரியும்; அந்த நேரத்தில் கைபேசியில் அருகிலிருந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பழகிய கிளியாக இருந்தால், கண்ணாடித் தட்டின் மேல் நிற்கவைத்துக் கீழிருந்து படம் எடுப்பது இன்னும் தெளிவாக இருக்கும். கையால் பிடித்தே தீர வேண்டுமென்றால் மெல்லிய துண்டில் சுற்றித் தலையையும் உடலையும் தாங்கிப் பிடிக்கலாம். ஆனால் நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைகளுக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவற்றால் மூச்சு விட முடியும்.

தொடக்க நிலையில் வெடிப்போ சிரங்கோ இராது. உள்ளங்காலிலும் கணுக்காலின் பின்புறத்திலும் இளஞ்சிவப்பான, பளபளப்பான, மேடுகள் மறைந்த திட்டு மட்டும் இருக்கும். வீட்டுப் பராமரிப்பும் உணவு மாற்றமும் மட்டுமே போதுமானதாக இருக்கும் நிலை இது ஒன்றுதான். அடுத்த நிலையில் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்து, நடுவில் பழுப்பு அல்லது கருநிறப் பொருக்கு தோன்றும். சுற்றிலும் வீக்கம் இருக்கும். அதையும் தாண்டினால் தொற்று தசைநாணுக்கும் எலும்புக்கும் இறங்குகிறது. பறவையின் சீழ் மனிதருடையதைப் போல ஒழுகுவதில்லை. கெட்டியாகத் திரண்டு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே அதைப் பிதுக்கி எடுக்க முயன்றால் சீழ் வராது, இரத்தமும் வலியும்தான் வரும்.

பாதப் புண்ணைப் போலவே தோன்றும் வேறு இரண்டு நோய்களையும் இங்கே பிரித்தறிய வேண்டும். பட்ஜிகளின் அலகைச் சுற்றியும் கால்களிலும் நுண்துளைகள் நிறைந்த சாம்பல் நிறச் செதில் படிந்தால் அது உண்ணியால் வரும் நோய். உணவால் அது தீராது, மருத்துவர் தரும் உண்ணி மருந்து வேண்டும். விரல் மூட்டுகளில் தோலுக்கடியில் வெண்மையான அல்லது மஞ்சள் சாயலுள்ள சிறு முடிச்சுகள் தெரிந்தால், அது சிறுநீரகக் கோளாற்றால் யூரிக் அமிலம் படியும் மூட்டுவாதமாக இருக்கலாம். அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் இரத்தம் நிற்காமல் போகும் அபாயம் உண்டு. அத்தகைய பறவைக்கு, உடம்பு தேறட்டும் என்று புரதச் சத்தைக் கூட்டித் தருவதும் ஆபத்தானது.

மருத்துவரிடம் எப்போது

பொருக்கு, வீக்கம், இரத்தக் கசிவு, ஒரு காலைத் தூக்கியே வைத்திருத்தல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்ல வேண்டும். அருகில் அப்படி ஒருவர் இல்லையென்றால், சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். எலும்பு பாதிக்கப்பட்டுள்ளதா என்பதை எக்ஸ்-ரேயும், எந்த நுண்ணுயிருக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பதைக் கிருமி வளர்ப்புச் சோதனையும் காட்டும். அதற்கேற்ப ஆன்டிபயாடிக், வலிநிவாரணி, தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்தல், அழுத்தம் படாமல் பாதத்தைப் பந்துபோல் சுற்றும் கட்டு ஆகியவற்றை அவர் முடிவு செய்வார். கடுமையான குறைவு இருந்தால் வைட்டமின் ஏ ஊசியும் போடக்கூடும். அதன் அளவைப் பறவையின் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதால், மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் போடுவதற்குரியது அல்ல அது.

மருத்துவரைப் பார்க்கும் வரையிலும், தொடக்க நிலைச் சிவப்புக்கும், வீட்டில் செய்யத்தக்கது குறைவுதான். வெதுவெதுப்பான நீரில் பாதத்தை மெதுவாகக் கழுவலாம். இளந்தேநீர் நிறம் வரும் அளவுக்குப் போவிடோன் அயோடினை நீரில் கலந்து, பஞ்சால் தொட்டு ஒற்றிவிட்டு, பாதத்தை நன்றாக உலர விடலாம். வீட்டுக் கிருமிநாசினித் திரவங்கள், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை ஆறிவரும் திசுவையும் சேர்த்து அழிப்பவை. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. மனிதத் தோலுக்கு அது எப்படியோ, பறவைக்குச் சரிப்படாது. எண்ணெய் காலிலிருந்து வயிற்று இறகுக்குப் பரவினால் இறகுகள் ஒட்டிக்கொண்டு உடல் வெப்பத்தைக் காக்கும் திறனை இழக்கும். மேலும் பூசியதையெல்லாம் கிளி அலகால் சுரண்டி உட்கொள்ளும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு, துத்தநாகக் களிம்பு, மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஆகியவற்றை இதே காரணத்திற்காகவும் தவிர்க்க வேண்டும்.

கிண்ணத்தில் என்ன குறைகிறது

சூரியகாந்தி விதையின் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ அதில் இல்லையென்றே சொல்லலாம். 100 கிராம் பருப்பில் சுண்ணாம்புச் சத்து சுமார் 80 மில்லிகிராம்தான். பாஸ்பரசோ 600 மில்லிகிராமுக்கும் மேல். உடலுக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரசைவிட அதிகமாக வேண்டும். இங்கே கணக்கு தலைகீழாக இருக்கிறது. சூரியகாந்தியை விரும்பித் தின்னும் சாம்பல் கிளியும் காக்கடீலும் ஒரே நேரத்தில் கொழுத்தும் சத்திழந்தும் போவது இப்படித்தான். எடை கூடுகிறது, அந்த எடையைத் தாங்க வேண்டிய பாதத்தின் தோல் மெலிகிறது. தினை மட்டுமே தின்னும் பட்ஜிக்குக் கொழுப்பு அவ்வளவு சேராது. ஆனால் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, அயோடின் ஆகியவற்றின் பற்றாக்குறை அதற்கும் உண்டு. தினையோடு கம்பும் சாமையும் வரகும் கலந்து தருவது சுவைக்கு மாற்றமே தவிர, இந்தக் குறையைத் தீர்க்காது.

நல்ல வேளையாக, குறையை ஈடுசெய்யும் பொருள்கள் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. தாவரங்களில் வைட்டமின் ஏ நேரடியாக இல்லை. பீட்டா கரோட்டின் என்ற முன்பொருளாக இருக்கிறது. பறவையின் உடல் தனக்குத் தேவையான அளவை அதிலிருந்து மாற்றிக்கொள்ளும் என்பதால், மிகை என்ற அச்சமின்றித் தரலாம். என் பட்டியலில் முதலிடம் முருங்கைக்கீரைக்குத்தான். கரோட்டினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைப்பது, எந்தத் தெருவிலும் கிடைப்பது, கொத்தாகத் தொங்கவிட்டால் பட்ஜிகள் இலை இலையாகக் கிள்ளி விளையாடியே தின்றுவிடுவது என்று அதற்கு மூன்று நன்மைகள். கேரட், மஞ்சள் பூசணி, சிவப்புக் குடைமிளகாய், கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பழுத்த பப்பாளி, மாம்பழம் ஆகியவை அடுத்து வருகின்றன. பழங்களில் சர்க்கரை உள்ளதால் அளவோடு தர வேண்டும். கேரட்டையும் பூசணியையும் ஆவியில் சற்று வேகவைத்தால் கரோட்டின் உடலில் எளிதாகச் சேரும். பழுத்த சிவப்பு மிளகாயைக் கிளி ஆசையாகத் தின்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பதில்தான் கரோட்டின் நிறைவாக உண்டு, நம் சந்தைகளில் மலிந்துள்ள வெள்ளைச் சதைக் கிழங்கில் அது மிகச் சொற்பம்.

பாலக், சிறுகீரை, அரைக்கீரை ஆகியவற்றில் கரோட்டின் இருந்தாலும் ஆக்சலேட்டும் இருப்பதால் சுண்ணாம்புச் சத்தை அது பிணைத்துவிடும். வாரத்தில் ஓரிரு முறை போதும். வெள்ளரி, ஆப்பிள், திராட்சை ஆகியவை தீங்கற்றவை என்றாலும் இந்தக் குறைக்கு மருந்தல்ல. 'தினமும் காய்கறி தருகிறேனே' என்று சொல்லும் பலர் தருவது வெள்ளரித் துண்டுதான். எந்தக் கீரையானாலும் பூச்சிமருந்து போகும்படி பலமுறை நீரில் அலசிய பிறகே கூண்டுக்குள் வைக்க வேண்டும். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்பிட்ட தின்பண்டம் எதையும் தரலாகாது. இவற்றில் அவகாடோ கிளியின் உயிரையே பறிக்கக்கூடியது. சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் எப்போதும் ஒரு கடல்நுரைத் துண்டு (கணவாய் ஓடு) இருக்கட்டும். இளவெயில் நேரடியாகப் படும் இடத்தில், ஒதுங்க நிழலும் வைத்து, கூண்டைச் சற்று நேரம் வைத்தால் வைட்டமின் டி உருவாகும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கு வேண்டிய கதிர் இருப்பதில்லை.

விதையிலிருந்து மாற்றும் முறை

இந்த வேலையில் அவசரப்படுவோர் கிளியைப் பட்டினியில் கொல்வதும் உண்டு. பழக்கமில்லாத பொருளைக் கிளி உணவென்றே உணராது. பசித்தால் தானே தின்னும் என்ற கணக்கு பட்ஜியிடம் செல்லாது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் எடைத்தராசு. காலையில் எச்சமிட்ட பின், தீவனம் வைக்குமுன், நாள்தோறும் எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்ஜி 30 முதல் 40 கிராம், காக்கடீல் 80 முதல் 110 கிராம், சாம்பல் கிளி 400 முதல் 500 கிராம் என்பது பொதுவான அளவு. தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்கு இறக்கம் தெரிந்தால், மாற்றத்தை நிறுத்திப் பழைய உணவுக்கே திரும்பி மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆழமான புண்ணோடு சோர்ந்திருக்கும் பறவையிடமும் மெலிந்த பறவையிடமும் இந்த மாற்றத்தைத் தொடங்கவே கூடாது. அதற்குப் பழகிய விதை கிடைத்துக்கொண்டே இருக்கட்டும்; கீரையை அருகில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நலமாக உள்ள பறவைக்கு முதல் வாரத்தில் விதையைக் குறைக்க வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்தலாம். விடிந்ததும் பசி மிகுந்திருக்கும் வேளையில் காய்கறிக் கலவை, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து விதை, மாலையில் மீண்டும் விதை என்ற வரிசை பலன் தரும். கலவையைப் பட்ஜிக்குத் தினையளவுக்குப் பொடியாக நறுக்கி, மேலே தினையைத் தூவினால், தினையைத் தேடும் அலகில் கேரட்டும் ஒட்டிக்கொண்டு போகும். ஈரம் சொட்டும் கொத்தமல்லிக் கட்டைக் கூண்டின் உச்சியில் கட்டினால் பட்ஜிகள் அதில் உரசிக் குளிக்கும். குளியலின் நடுவே முதல் கடி விழும். பழகிய கிளியின் முன்னால் அமர்ந்து அதே கேரட்டை நீங்களும் மென்று காட்டுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் வேலை செய்யும். கூட்டமாக உண்ணும் பறவை இது. முளைகட்டிய பச்சைப்பயறு, விதைக்கும் காய்கறிக்கும் இடையில் நல்ல பாலம். முளையில் சிறிது புளித்த வாடை வந்தாலும் கொட்டிவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஈர உணவு இரண்டு மணி நேரத்திற்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது.

அடுத்து பெல்லட். தேவையான வைட்டமின்களும் தாதுக்களும் கலந்து தயாரிக்கப்படும் இந்தத் தீவனம், சாம்பல் கிளி, கன்யூர் போன்றவற்றுக்கு உணவில் பாதிக்கும் மேலாக இருக்கலாம். பட்ஜிக்கும் காக்கடீலுக்கும் பாதியளவு போதும், மீதி காய்கறியும் சிறுதானியமும். தொடக்கத்தில் பெல்லட்டைப் பொடித்து விதையின் மேல் தூவி, வாரந்தோறும் விதையைச் சிறுகச் சிறுகக் குறைத்து வர வேண்டும். சில பறவைகள் சில வாரங்களில் மாறும். முதிய பறவைகளுக்குச் சில மாதங்கள் ஆகலாம்.

இந்தக் காலத்தில் கிண்ணத்தை நம்பாதீர்கள். தினையின் உமி மேலே படிந்து கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் காட்டும்; வாயால் ஊதிப் பார்த்தால்தான் அடியில் தானியம் இருக்கிறதா என்பது தெரியும். எச்சத்தையும் கவனியுங்கள். பெல்லட் தின்றால் அது பெரிதாகிப் பழுப்பு நிறம் பெறும், கேரட் தின்றால் செம்மஞ்சள் சாயல் வரும், இவை இயல்பு. எச்சம் சிறுத்து, கரும்பச்சையாகி, எண்ணிக்கையும் குறைந்தால் பறவை உண்ணவில்லை என்று பொருள்.

மிகையும் நஞ்சே

குறைவைக் கண்டு பயந்தவர்கள் பெல்லட்டோடு வைட்டமின் சொட்டு மருந்தையும் சேர்த்துத் தருவதைப் பார்க்கிறேன். 2003-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் முதிர்ந்த காக்கடீல்களில் நடத்திய ஆய்வில், வைட்டமின் ஏ குறைந்த உணவைவிட மிகுந்த உணவுக்கே அவை விரைவாகப் பாதிப்படைந்தன. கல்லீரலில் சேரும் வைட்டமின் இது. வேண்டாதது சிறுநீரோடு வெளியேறுவதில்லை. மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து ஊற்றுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். குடிநீரில் கலக்கும் சொட்டு மருந்து வேறொரு வகையிலும் பயனற்றது. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அது சிதைகிறது, நீரின் சுவை மாறுவதால் பறவை குறைவாகக் குடிக்கிறது, நீரில் பாக்டீரியாவும் பெருகுகிறது. பெல்லட்டும் கீரையும் உண்ணும் பறவைக்கு மருத்துவர் சொன்னாலன்றிக் கூடுதல் வைட்டமின் எதுவும் வேண்டாம்.

நிற்கும் இடம்

உணவு சரியானாலும், கூண்டோடு சேர்ந்து வரும் ஒரே பருமனுள்ள பிளாஸ்டிக் குச்சி அப்படியே இருந்தால் புண் ஆறாது. கொய்யா, வேம்பு ஆகியவற்றின் மருந்தடிக்காத கிளைகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, வெவ்வேறு பருமனில் மூன்று நான்கைப் பொருத்த வேண்டும். குச்சியைப் பற்றும்போது விரல்கள் சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வளைக்க வேண்டும். முன் நகமும் பின் நகமும் தொட்டுக்கொண்டால் குச்சி மெல்லியது என்று அறியலாம். பட்ஜிக்கு 1 முதல் 1.5 செ.மீ., காக்கடீலுக்கு 1.5 முதல் 2 செ.மீ. விட்டம் நடுத்தரமாக அமையும். பொருக்கு உள்ள காலத்தில் ஒரு தட்டையான பலகையும், பருத்திக் கயிறு சுற்றிய ஒரு குச்சியும் வலியைக் குறைக்கும். கயிற்றில் பிரி பிரிந்து நகத்தில் சிக்கத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். நகம் தேயட்டும் என்று விற்கப்படும் மணல்தாள் உறை நகத்தைத் தேய்ப்பதைவிட உள்ளங்காலைத்தான் அதிகம் தேய்க்கிறது. கம்பி வலைத் தரையின் மேல் காகிதம் விரித்து நாள்தோறும் மாற்றுவதும், எச்சம் படிந்த குச்சிகளைத் தேய்த்துக் கழுவி உலர்த்துவதும் தொற்றைத் தடுக்கும்.

கொழுத்த பறவையின் எடையை மாதக்கணக்கில் மெதுவாகவே இறக்க வேண்டும். திடீரெனக் குறைத்தால் கொழுப்பேறிய கல்லீரல் தாங்காது. கூண்டின் எதிரெதிர் மூலைகளில் தண்ணீரையும் தீவனத்தையும் வைப்பதும், மின்விசிறியை நிறுத்திவிட்டு மூடிய அறையில் பறக்க விடுவதும் உணவைக் குறைக்காமலே எடையைக் குறைக்கும். ஒரு காலில் எலும்பு முறிவோ நகக் கோளாறோ உள்ள பறவை எடை முழுவதையும் நல்ல காலில் போடும். அதன் நல்ல காலைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஆறுகிறதா என்று அறிவது

சிவப்பு மங்குவது சில வாரங்களில் தெரியும். மழுங்கிய மேடுகள் திரும்ப எழச் சில மாதங்கள் பிடிக்கும். வாரத்திற்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் இரு பாதங்களையும் படமெடுத்துத் தேதியுடன் சேமித்து வைத்தால், கண் தவறவிடும் மாற்றமும் ஒப்பிடும்போது பிடிபடும். மூன்று வாரத்தில் சிவப்புத் திட்டு சிறுக்கவில்லை என்றால், உணவு சேரவில்லையா, குச்சி மாறவில்லையா, உள்ளே தொற்று இருக்கிறதா என்பதை மருத்துவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். அப்போது இந்தப் படங்களையும் எடைக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஆறிய பின் வாராந்திரப் படத்தை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். எடை பார்ப்பதையும் வாரத்திற்கு ஒருமுறையாகத் தொடர்ந்தால் போதும்.